கோல் அடித்தவன் மட்டும்தானா ஆடினான்?

வட சென்னை வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து, ஷூ கயிற்றை அவிழ்ப்பதற்குள் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

“ண்ணா, ஆடி முடிச்சவங்களுக்கு நம்ம ஊர்ல ஒரு ஹால் ஆஃப் ஃபேம் வெச்சா, மொத அஞ்சு பேரு யாரு?”

“பேரு அப்புறம்டா. எந்தக் கணக்குல வெக்கறேன்னு சொல்லு. லீகா, செவன்ஸா, இந்தியா ஜெர்சியா?”

ஹால் ஆஃப் ஃபேம் என்றால், மறக்கக் கூடாத ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல். அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் வராது. பெயர்கள்தான் வரும். நாலு டீ முடிவதற்குள் ஐந்து பெயரும் ஃபார்வர்டாக இருக்கும். அதிலும் மூன்று பேர், பேசுகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஆடியவர்களாக இருப்பார்கள். கீப்பர் பெயரை யாராவது எடுத்தால், “நல்ல கீப்பர்தான்பா” என்று ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, தண்டையார்பேட்டை என்று எங்கே இந்த வாதம் நடந்தாலும் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். விதி எழுதுவதற்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது. பெயர் வந்தபின் எழுதும் விதி, அந்தப் பெயரை உள்ளே தள்ளுவதற்காக எழுதும் விதியாகத்தான் இருக்கும். எனவே முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். தங்கராஜ், பலராம், ராமன் விஜயன் எல்லாரும் வருவார்கள், அவசரமில்லை.

முதல் சிக்கல், ‘ஆடி முடித்தவர்’ என்றால் யார். சுனில் சேத்ரி 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, 94 கோல்களோடு இந்திய அணிக்கு விடை கொடுத்தார். ஊரே கண்கலங்கியது. 2025 மார்ச்சில் திரும்பி வந்து, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலை அடித்தார். விடைபெற்ற மறுநாளே அவரைப் பட்டியலில் சேர்த்திருந்தால், அது ஆடிக்கொண்டிருக்கிற ஆளின் சிலைக்கு மாலை போட்ட கதையாகியிருக்கும். காத்திருப்புக் காலம் ஒன்று வைப்பது இதற்காகத்தான்.

நம் ஊரில் இது இன்னும் குழப்பம். லீகை விட்டவர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) ஆடுவார், செவன்ஸை விட்டவர் வெட்டரன்ஸ் ஆடுவார். ஐம்பது வயதிலும் ஞாயிறு காலை கிரவுண்டில்தான் இருப்பார். அதனால் ‘கடைசி ஆட்டம்’ என்று எண்ணத் தொடங்கினால் யாருமே ஓய்வு பெற மாட்டார்கள். சென்னை லீகிலோ தேசிய லீகிலோ கடைசியாக ரெஜிஸ்ட்ரேஷன் போட்ட சீசன் எது என்று பாருங்கள். அங்கிருந்து எண்ணுங்கள். அமெரிக்காவின் கேன்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் ஐந்து வருஷம் காக்க வைக்கிறது. (அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். ஆனால் யாரைச் சேர்ப்பது என்று அறுபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுப் பழகியவர்கள். அவர்கள் விதிகளைத் திருடுவதில் தப்பில்லை.) நமக்கு மூன்று வருஷம் போதும் என்பது என் கணக்கு. ஐந்து வருஷம் வைத்தால், ஆட்டத்தைப் பார்த்த சாட்சிகளே குறைந்துவிடுவார்கள்.

இரண்டாவது, யார் ‘நம்மாள்’? இங்கிலாந்தின் தேசிய கால்பந்து அருங்காட்சியகம் 2002இல் பட்டியலைத் தொடங்கியபோது வைத்த விதி எளிமையானது. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், இங்கிலாந்தில் ஐந்து வருஷமாவது ஆடியிருக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி கிடையாது. பிரெஞ்சுக்காரர் எரிக் கான்டோனா முதல் பட்டியலிலேயே வந்துவிட்டார். பிரீமியர் லீக் 2021இல் தனியாக ஒன்று ஆரம்பித்து ஆலன் ஷீரரையும் தியெரி ஆன்ரியையும் முதலில் சேர்த்தது. அங்கே பிரீமியர் லீகில் ஆடியது மட்டும்தான் கணக்கு, உலகக் கோப்பையை வென்று வந்தாலும் சேராது.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். ‘வட சென்னையில் பிறந்தவர்’ என்று மட்டும் விதி வைத்தால், திருச்சியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் வேலை வாங்கி, பதினைந்து வருஷம் அயனாவரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து ஆடியவர் வெளியே நிற்பார். ‘இங்கே ஆடியவர்’ என்று மட்டும் வைத்தால், புளியந்தோப்பில் பிறந்து பதினாறு வயதில் கோவாவுக்குப் போன பையன் வெளியே. இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று வையுங்கள். பிறந்து வளர்ந்தது இங்கே, இல்லையென்றால் இங்கிருக்கும் அணிக்கு மூன்று லீக் சீசன். அதற்குமேல் இழுத்தால் ரேஷன் கார்டு கேட்கும் நிலைக்கு வந்துவிடும்.

அடுத்தது ஓட்டு. யாரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் பாதிப் பேர் உள்ளே வராமல் போவது இங்கேதான்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். களத்தில் பத்துப் பெயர். ‘ஆளுக்கு ஐந்து பேரை எழுதுங்கள், 80 சதவீதம் கிடைத்தால் உள்ளே’ என்கிறீர்கள். பன்னிரண்டில் 80 சதவீதம் 9.6, அதாவது பத்து ஓட்டு. மொத்த ஓட்டு 60. ஆக, எல்லாரும் பேசி வைத்துப் போட்டாலும் ஆறு பேருக்கு மேல் உள்ளே போகவே முடியாது. அறுபது ஓட்டு பத்துப் பெயருக்கும் பரவினால் சராசரி ஆளுக்கு ஆறு, யாரும் தேறமாட்டார்கள். நடப்பது என்னவென்றால், எல்லாருக்கும் தெரிந்த ஃபார்வர்ட் ஒருவர் பதினொன்று வாங்குவார். ஸ்டாப்பர் (பின்களத்தின் நடுவே நின்று தடுப்பவர்) ஏழு வாங்குவார். அந்த ஏழைப் பார்த்து “அஞ்சு பேருக்கு அவரு வேணாமாம்” என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். அந்த ஐந்து பேருக்கும் அவர் வேண்டும், அவர்கள் சீட்டில் ஆறாவது இடம் இல்லை, அவ்வளவுதான்.

கேன்டனில் 2025ஆம் ஆண்டுக்கான தேர்வில் நடந்ததும் இதே கணக்குதான். ஐம்பது பேர் குழு. கடைசிச் சுற்றில் அண்மைக்கால ஆட்டக்காரர்கள் ஏழு பேர். ஆளுக்கு ஐந்து ஓட்டு என்றால் மொத்தம் 250. தேற 40 வேண்டும். 250ஐ ஏழால் வகுத்தால் 35.7. சராசரியே வரம்புக்குக் கீழே! மூன்றே பேர் தேறினார்கள். மூத்தவர்களுக்கான வழியில் வந்த ஒருவரையும் சேர்த்து அந்த வருஷம் நாலே பேர். ‘அந்த ஏழு பேரில் நாலு பேர் தகுதியில்லாதவர்கள்’ என்று அந்த ஓட்டு சொல்லவில்லை. விதி அப்படி.

எனவே இரண்டு சுற்றாக வையுங்கள். முதல் சுற்றில் பத்துப் பெயரை ஆறாகக் குறைக்க ஆளுக்கு ஐந்து ஓட்டு. இரண்டாவது சுற்றில் ஆறு பெயரையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் ‘சேர்க்கலாம்’, ‘வேண்டாம்’ என்று சீட்டு. அப்போதுதான் ஸ்டாப்பர் ஸ்ட்ரைக்கரோடு மோதாமல் தன் ஆட்டத்தோடு மட்டும் நிற்பார். வருஷத்துக்கு மூன்று பேர் என்று உச்ச வரம்பு வைக்கலாம். நாலு பேர் தேறினால் அதிக ஓட்டு வாங்கிய மூன்று பேர், ஓட்டு சமமானால் முதலில் ஆட்டத்தை விட்டவர். குறைந்தபட்ச எண்ணிக்கை மட்டும் வைக்காதீர்கள். அமெரிக்க பேஸ்பாலில் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு 2013இல் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 75 சதவீதம் யாருக்கும் கிடைக்கவில்லை, அந்த வருஷம் அப்படியே போனது. வானம் இடிந்து விழவில்லை.

சீட்டு ரகசியமாக இருக்க வேண்டும். கை தூக்கச் சொன்னால், பழைய கோச் கை தூக்கும் பக்கம் அவரிடம் ஆடிய ஆறு பேரும் தூக்குவார்கள். ஒரே கிளப்பில் ஆடியவர், சொந்தக்காரர் என்றால் அந்தப் பெயருக்கு மட்டும் ஓட்டில்லை. அப்போது பன்னிரண்டு பத்தாகும், வரம்பு எட்டாகும். இதை முன்பே எழுதி வையுங்கள், அன்றைக்கு வாயால் சொன்னால் அடிதடிதான்.

குழுவின் வயதும் முக்கியம். பன்னிரண்டு பேரும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பார்த்து வளர்ந்தவர்கள் என்றால் 1980களின் ஆட்டக்காரருக்கு வழியே இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர், நாற்பதிலிருந்து அறுபது நாலு பேர், அதற்குக் கீழே நாலு பேர் என்று வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். கேன்டனில் ஆட்டத்தை விட்டு 25 வருஷமானவர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது. நாமும் வருஷத்தில் ஒரு இடத்தை அப்படி ஒதுக்கிவிடலாம்.

சரி, விதி முடிந்தது. இனி சான்று. வட சென்னையில் இதுதான் பெரிய வேலை.

பழைய லீக் ஆட்டங்களுக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் செய்தித்தாளில் வந்த ஒன்றரை வரி. அணி பெயர், கோல் எண்ணிக்கை, அடைப்புக்குறிக்குள் கோல் அடித்தவர் பெயர். அவ்வளவுதான். தொண்ணூறு நிமிடமும் எதிரணி சென்டர் ஃபார்வர்டைத் திரும்பவிடாமல் நின்ற ஸ்டாப்பர் அந்த வரியில் இல்லை. இரண்டு பெனால்டியைத் தடுத்த கீப்பர் இல்லை. கார்னரில் பந்தை வைத்தவர் இல்லை. நாற்பது வருஷம் கழித்து அந்த வரியைப் படிக்கிறவனுக்கு அன்றைக்குக் கிரவுண்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். டீக்கடை வாதத்தில் ஃபார்வர்டுகளே வருவதற்கு நம் ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை. பேப்பரில் அச்சானதைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இன்னொரு தொல்லை, பெயர். பேப்பரில் ‘ரவி’ என்று இருக்கும். அந்த சீசனில் அந்த அணியில் மூன்று ரவி. ஒருவர் லெஃப்ட் அவுட், ஒருவர் ஹாஃப், ஒருவர் சப்ஸ்டிட்யூட். இன்று கோல் கணக்குக் கேட்டால் மூன்று பேர் கோலும் ஒரே ரவியின் கணக்கில் ஏறியிருக்கும். இனிஷியல் கிடைக்காத கோலைத் தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள், யார் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

பேப்பரைத் தாண்டி எங்கே தேடுவது? எழும்பூர் கன்னிமாரா நூலகத்துப் பழைய இதழ்களுக்கு அப்பால், நாலு இடம் உண்டு. ஒன்று, ரெஃப்ரி ரிப்போர்ட்டோடு போகும் டீம் லிஸ்ட். பதினொரு பெயரும் ஜெர்சி எண்ணும் அதில் இருக்கும். இரண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்காக வாங்கிய சான்றிதழ். ஃபார்ம் 1 என்றால் இந்தியாவுக்கு ஆடியது, ஃபார்ம் 2 மாநிலத்துக்கு, ஃபார்ம் 3 பல்கலைக்கழகத்துக்கு, ஃபார்ம் 4 பள்ளி அளவில் மாநிலத்துக்கு. “சந்தோஷ் டிராஃபி (மாநில அணிகள் மோதும் போட்டி) ஆடினாரு” என்று வாயால் சொல்வதற்கும் ஃபார்ம் 2ஐக் கையில் வைத்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. லீவு. மத்திய அரசு ஊழியர் தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போனால் வருஷத்துக்கு 30 நாள் வரை ஸ்பெஷல் கேஷுவல் லீவ் உண்டு. அதற்கு ஆபீஸ் ஆர்டர் போடுவார்கள். எந்தப் போட்டி, எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், ஏஜி ஆபீஸ், வருமான வரித்துறை என்று துறை அணிகளில் ஆடியவர்களுக்கு இதைவிட நல்ல நாட்குறிப்பு கிடையாது. பலர் ரிட்டயர் ஆகும்போது பிஎஃப் காகிதங்களோடு இதையும் ஒரே கவரில் போட்டு பீரோவில் வைத்திருப்பார்கள்.

நான்காவது, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் குரூப் போட்டோ. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிடைத்ததையெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கத்தில் அடக்குங்கள். லீக் கோல் தனி, நாக்-அவுட் தனி, செவன்ஸ் தனி. இந்தக் கட்டங்களைக் கூட்டாதீர்கள். செவன்ஸில் கிரவுண்ட் சின்னது, ஆட்டம் குறுகியது, ஆளை மாற்றிக்கொண்டே இருக்கலாம், ஆஃப்சைடு பல இடங்களில் கிடையாது. அங்கே நூறு கோல் அடித்தவரை லீகில் நாற்பது அடித்தவரோடு ஒரே தராசில் வைக்க முடியாது. பெனால்டியில் அடித்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய ஆட்டங்களுக்கு நேரத்தையும் பாருங்கள். 1950களில் உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடமாக இருந்தன. அன்றைய 20 கோல், 90 நிமிடக் கணக்கில் சுமார் 26.

எண்ணிக்கையே சண்டைக்குரியது என்பதற்கு பாய்ச்சுங் பூட்டியா நல்ல உதாரணம். இந்தியாவுக்கு நூறு ஆட்டத்தைத் தாண்டியவர் என்று ஒரு கணக்கு கொண்டாடியது. எண்பத்துச் சொச்சம் என்று இன்னொரு கணக்கு. எந்த ஆட்டத்தை முழு சர்வதேச ஆட்டமாக எண்ணுவது என்பதில் வந்த வித்தியாசம் இது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இல் தன் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தபோது பூட்டியாவும் இருந்தார். இந்தியாவிலிருந்து அவர் ஒருவர்தான். நூறா எண்பதா என்று தீர்ந்திருந்தாலும் தீராவிட்டாலும், அவர் எந்த நியாயமான பட்டியலிலும் வருவார். எண்ணிக்கை அவ்வளவுக்குத்தான் பயன்படும். கோட்டின் ஓரத்தில் நிற்கும் ஆளைத் தீர்மானிக்க அதை நம்பக் கூடாது.

இப்போது பெயர்கள்.

பீட்டர் தங்கராஜிலிருந்து தொடங்கலாம், கீப்பர் என்பதாலேயே. ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். முதலில் சென்டர் ஃபார்வர்ட், பிறகுதான் கோல் போஸ்டுக்குக் கீழே போனார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது. ‘பிறந்த ஊர்’ விதி வைத்தால் தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர் இல்லை. ‘இங்கே மூன்று சீசன்’ விதியில் வெலிங்டன் வழியாக உள்ளே வருகிறார். வட சென்னைப் பட்டியல் என்றால் எப்படிப் பார்த்தாலும் வெளியே. ஒரே ஆள், மூன்று விடை. டீக்கடையில் இவர் பெயரில் நடக்கும் சண்டையில் பாதி, ஆளுக்கொரு பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

கீப்பரை எதை வைத்து அளப்பது? எத்தனை ஷாட் தடுத்தார் என்ற கணக்கு அந்தக் காலத்துக்குக் கிடையாது. கோல் வாங்காத ஆட்டங்களை மட்டும் எண்ணினால், முன்னால் நல்ல ஸ்டாப்பர் இருந்த கீப்பருக்கு லாபம். நான் பார்ப்பது வேறு. கையில் இரண்டு கீப்பர் இருக்கும்போது, தோற்கவே கூடாத ஆட்டத்துக்குக் கோச் யாரை இறக்கினார்? 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நின்றார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்துக்கு இந்திய கோச் ரஹீம், தங்கராஜை இறக்கினார். உயரப் பந்துகளுக்கு அவர் வேண்டும் என்பது கணக்கு. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே இந்தியா 2-1 என வென்றது. நம் லீகிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், டீம் லிஸ்ட் இருந்தால் பதிலும் கிடைக்கும்.

அதே ஆட்டத்தில் இன்னொரு பாடம் ஜர்னைல் சிங். ஸ்டாப்பர். தலையில் தையலோடு ஆடினார், ரஹீம் அவரை முன்னால் சென்டர் ஃபார்வர்டாகப் போட்டார், கோலும் அடித்தார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் எல்லாரும் சொல்வது அந்தக் கோலைத்தான். வாழ்நாள் முழுக்க பின்னால் நின்று தடுத்தவர், ஒரு நாள் முன்னால் போய் அடித்ததற்காக நினைவில் இருக்கிறார். ஒன்றரை வரிச் செய்தியின் வேலை இது.

துளசிதாஸ் பலராமை எடுத்தால் வாதம் சூடாகும். செகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஆசியத் தங்கம். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. 1963இல், இருபத்தேழு வயதுக்குள், நுரையீரல் நோயால் ஆட்டத்தை விட்டார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவரையும் சேர்த்தே சொல்வார்கள். மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது, இவருக்கு அர்ஜுனாவோடு நின்றது. 2023 பிப்ரவரியில் இறந்தார்.

“எத்தினி வருஷம் ஆடுனாரு?” என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. நீண்ட நாள் ஆடியதைத் தகுதியாக நினைக்கும் பழக்கம் துறை அணிகளிலிருந்து வந்தது. இருபது வருஷம் சர்வீஸ் என்பது ஆபீஸில் பெரிய விஷயம். ஆனால் கேன்டனைப் பாருங்கள். கேல் சேயர்ஸ் மொத்தமே 68 ஆட்டம், முழங்கால் போய்விட்டது. 1977இல், 34 வயதில் அவரைச் சேர்த்தார்கள், மிக இளையவராக. கழுத்துக் காயத்தால் ஏழே சீசனில், 1994இல் முடிந்துபோன ஸ்டெர்லிங் ஷார்ப்பை 2025இல்தான் சேர்த்தார்கள், மேலே சொன்ன அந்த நாலு பேரில் ஒருவர் அவர். குறுகிய காலத்துக்கு நான் கேட்பது ஒன்றே. ஆடிய காலத்தில் அவர் இடத்தில் அவரைவிட நல்லவர் நாட்டில் இருந்தாரா? பலராம் விஷயத்தில் பதில் எளிது. எனக்கு அவர் முதல் ஓட்டிலேயே உள்ளே.

சைமன் சுந்தர்ராஜ், தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோமில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. 1973இல் கேரளா முதல்முறையாகச் சந்தோஷ் டிராஃபி வென்றபோது கோச் அவர்தான். (தமிழ்நாடு இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்தால் கொஞ்சம் வயிறு எரியும்.) ஆட்டக்காரராகப் பாதி, கோச்சாகப் பாதி என்று கூட்டி முழு மதிப்பெண் கொடுப்பதா? கூடாது. ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்து அதன் வழியே வர வேண்டும். இல்லையென்றால் சுமாரான ஆட்டக்காரர், சுமாரான கோச், நல்ல மனுஷன் என்று மூன்றையும் கூட்டி ஒருவர் உள்ளே வந்துவிடுவார். சைமன் சுந்தர்ராஜை நான் கோச் வாசலில் நிறுத்துவேன். அங்கே அவருக்குப் போட்டி குறைவு.

ராமன் விஜயன். நேஷனல் லீக் 1996இல் தொடங்கியது. இரண்டாவது சீசனில், 1997-98இல், எஃப்சி கொச்சினுக்காகப் பத்து கோல் அடித்து லீகிலேயே முதலிடம். அடுத்த வருஷம் முதலிடத்துக்கு வந்தவர் வெளிநாட்டுக்காரர், அதற்கடுத்த வருஷமும் வெளிநாட்டுக்காரர். ஒரு தமிழர் இந்தியாவின் முதல் டிவிஷனில் கோல் பட்டியலின் தலையில் இருந்தார் என்பது சின்ன விஷயமில்லை. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளிலும் ஆடினார். இதில் எனக்கு விவாதமே இல்லை.

சபீர் பாஷாவில் விவாதம் உண்டு. இந்தியன் வங்கி ஃபார்வர்ட், இந்தியாவுக்கும் ஆடியவர், பிறகு ‘சென்னையின் எஃப்சி’ கிளப்பில் நெடுநாள் உதவி கோச். வேலையும் அணியும் சென்னையிலேயே இருந்ததால், கொல்கத்தாவுக்குப் போனவர்களுக்குக் கிடைத்த வெளிச்சம் இங்கேயே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது அவர் ஒருவருக்கு நடந்ததில்லை. வங்கி வேலை, ரயில்வே வேலை என்று கால் ஊன்றியவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். நேஷனல் லீக் வருவதற்கு முன் சந்தோஷ் டிராஃபி, 1977இல் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பை, துறைகளுக்குள் நடக்கும் போட்டி, இவ்வளவுதான் அவர்களுக்கு வெளியே தெரிய வழி. ‘ஏன் போகவில்லை’ என்று கேட்டால் பதில், மாசம் ஒண்ணாம் தேதி வரும் சம்பளம். அதற்காக மதிப்பெண் குறைக்கவும் கூடாது, இரக்கப்பட்டுக் கூட்டவும் கூடாது. வெளியூர் அணிகள் இங்கே வந்து ஆடியபோது அவர்களுக்கு எதிராக எப்படி ஆடினார் என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18இல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களம் ஆடியவர். அவர் பெயர் வரும்போதெல்லாம் உணர்ச்சி கூடிவிடுகிறது, கூடட்டும். ஆனால் வரிசையில் நிற்பதற்கு முன் மூன்று வருஷக் காத்திருப்பு அவருக்கும் பொருந்தும். நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலை வைத்து அவரை இப்போதே உள்ளே விடச் சொல்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பையன் ஆடி முடிக்கட்டும்.

பெண்கள் பெயர் இந்தப் பேச்சில் வருவதே இல்லை, இத்தனைக்கும் தேசியப் பட்டம் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் சீனியர் நேஷனல் பட்டம் வாங்கினார்கள். 2023இல் மறுபடியும். ஆண்கள் அணி தொடாத உயரம். இங்கிலாந்தின் முதல் பட்டியலில் லில்லி பார் என்ற ஒரு பெண்ணுக்கு 2002இலேயே இடம் இருந்தது. பெண்களுக்குத் தனிப் பட்டியல் வைத்தால் அது ஓரமாகப் போய்விடும், அதே பட்டியலில் அதே 80 சதவீதம் வையுங்கள். ஆனால் அவர்களுக்குப் பேப்பரில் ஒன்றரை வரிகூட வந்திருக்காது. ஃபார்ம் 2ஐயும் போட்டோவையும்தான் நம்ப வேண்டும்.

நடத்தை கெட்டவரை என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். குடித்துவிட்டு ஆடினார், ரெஃப்ரியை அடித்தார். கேன்டனில் களத்துக்கு வெளியே நடந்ததைப் பார்க்கக் கூடாது என்பது விதி. 1985இல் சேர்த்த ஓ.ஜே. சிம்சனை, பிறகு நடந்த எதற்காகவும் நீக்கவில்லை. பேஸ்பாலில் குணத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். நான் கேன்டன் பக்கம், ஒரே ஒரு விலக்கோடு. காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றவர் வேண்டாம். அது களத்துக்கு உள்ளே நடந்தது.

இப்போது அந்த போட்டோ. பழைய குரூப் போட்டோ தடித்த அட்டையில் ஒட்டி வரும். கீழே ஒரு பட்டையில் ‘உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்குள் அடங்கவில்லை என்று அந்தப் பட்டையை வெட்டிவிடுவார்கள். லேமினேஷன் போட்டால் இன்னும் மோசம், ஈரம் உள்ளே மாட்டி முகமே வெள்ளையாகிவிடும், பிரிக்கவும் முடியாது. பெயர் இல்லாத போட்டோவில் கோப்பையைப் பிடித்திருப்பவரை எல்லாருக்கும் அடையாளம் தெரியும், அவர் கேப்டன். பந்தை வைத்திருப்பவரையும் தெரிந்துவிடும். நிற்கிற வரிசையில் ஓரத்து ஆளுக்குத்தான் “இவரு யாரு, ஐசிஎஃப் ஸ்டாப்பரா?” என்று வரும்.

ஃப்ரேமை நேரடியாக போனில் பிடித்தால் கண்ணாடியில் டியூப்லைட் விழும். வெளியே நிழலில் வைத்து, கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். அந்த அணியில் ஆடிய இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதற்கே மற்றவர் தலையாட்டுவார். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் பின்பக்கத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும். மென்மையான பென்சிலில், வலது ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். கேப்டன் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.